மறு கண் என்ற கட்டம்

ஜூன் 5, திங்கள்

காலை: இட்லி மூன்று, சாம்பார். மதியம்: ஒரு கிண்ணம் சோறு, புடலங்காய்க் கூட்டு, மோர். மாலை:
இரவு: சப்பாத்தி இரண்டு.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்துவிட்டது. தின்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் மனைவி மரகதம் தபாலாபீசில் வேலை பார்க்கிறாள். வரும் வழியில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "பொய் எழுதுனா எனக்குத் தெரிஞ்சிரும், பாத்துக்கிடுங்க" என்றாள். கட்டிய புருஷனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? நான் பொய் எழுதவில்லை. மாலைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்டது பொய்யாகாது.

சாப்பாட்டை மட்டும் எழுதினால் நாலு நாளில் அலுத்துவிடும். மற்றதையும் எழுதப்போகிறேன். என் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நான், இரண்டு மேசை, ஒரு ஏசி. நோயாளிகளின் விவரமெல்லாம் அடங்கிய தரவுத்தளத்தைக் கட்டி மேய்ப்பது என் வேலை. பதினோரு வருடமாகிறது. பிடித்துத்தான் செய்கிறேன். தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டதாம். இங்கேயும் காற்று நன்றாக இருக்கிறது.

ஜூன் 7, புதன்

காலை: உப்புமா. மதியம்: சோறு, சுண்டைக்காய்க் குழம்பு. மாலை:

என் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவள், முப்பத்து நாலு வயது. இடது கண்ணுக்குக் கருவிழி மாற்ற வேண்டுமென்று பதிந்திருக்கிறாள். மாதம் ஒருமுறை தன் மைனியோடு வருவாள். வந்தால் என்னிடம் ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, இப்ப நான் எத்தனாவது ஆளா நிக்கேன்?"

பார்த்துச் சொன்னேன். "அம்பத்தெட்டு."

"சனவரியில அறுவத்தொண்ணு சொன்னிய. அஞ்சு மாசத்துல மூணு பேரா?"

"கண்ணு தானம் வந்தாத்தானம்மா நகரும். வரிசையை நான் போடல, கம்ப்யூட்டர் போடுது."

"மார்கழியில வலது கண்ணும் போயிட்டுல்லா. ரெண்டும் போனவங்களை முன்னால எடுப்போம்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

மேற்கொண்டு மைனி பேசினாள். இடது கண்ணின் கருவிழி நாளுக்கு நாள் மெலிந்துவருகிறதாம், ஆடிக்குள் மாற்றாவிட்டால் பொத்துக்கொள்ளும், அப்புறம் மாற்றியும் பிரயோசனமில்லை என்று கருவிழி டாக்டர் ஹெப்சிபா சொல்லிவிட்டாராம். இசக்கியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு விரல்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். இலை இல்லாமலே பீடி சுற்றுகிற விரல்கள்.

"கையி அதும்பாட்டுக்குச் சுத்திரும் அண்ணாச்சி. இந்த பஸ்சு போர்டைத்தான் படிக்க முடியல. ஒவ்வொருத்தர் கிட்டயா முக்கூடலா, முக்கூடலான்னு கெஞ்ச வேண்டியிருக்கு."

அவர்கள் போனபிறகு அவள் பதிவைத் திறந்தேன். 'மறு கண்' என்று ஒரு கட்டம் உண்டு. மாற்ற வேண்டிய கண் போக, மற்றக் கண்ணில் எவ்வளவு பார்வை இருக்கிறது என்பது அதில் வரும். இசக்கியம்மாளுக்கு அந்தக் கட்டம் காலி.

காலி! பதிவுப் பிரிவில் பேச்சியம்மாளின் வேலை. நாளை இருக்கிறது அவருக்கு.

ஜூன் 8, வியாழன்

காலை: தோசை நாலு. (மரகதம் எட்டிப் பார்த்து "அஞ்சு" என்கிறாள். சரி, ஐந்து.)

பேச்சியக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறார். அவர் விரலில் தப்பு வராது என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

"ஏன்க்கா காலியா விட்டிய? மார்கழியில அந்தப் பொண்ணுக்கு வலது கண்ணும் போச்சுல்ல?"

"போச்சு. அதனாலதான் விட்டேன். முன்ன இருந்த அளவை அழிச்சிட்டேனே."

"அழிச்சா போதுமா? பார்வை இல்லன்னு போடணும்லா?"

பேச்சியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மனுசி பேருக்கு நேரா 'பார்வை இல்ல'ன்னு என் கையால அடிக்கச் சொல்லுதியளா சார்? எங்க வீட்டுல அரிசி தீந்தாக்கூட நிறைஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவோம். உப்பு இல்லன்னு வாயால சொல்ல மாட்டோம். கண்ணைப் போய் எப்படிச் சொல்லுவேன்?"

"எத்தனை பேருக்கு இப்படி விட்டிருக்கிய?"

"எல்லாருக்கும்தான். நான் மட்டுமில்ல, எங்க பிரிவுல நாலு பேரும். கேஸ் சீட்டுல டாக்டரம்மா எழுதியிருக்காங்க, அது போதும்லா?"

எங்கள் வீட்டிலும் அரிசி நிறைந்துதான் போகும்.

ஜூன் 9, வெள்ளி

மாலை:

இன்று உள்ளே இறங்கிப் பார்த்தேன். விஷயம் இதுதான். தரவுத்தளத்தில் ஒரு காவல்காரன் இருக்கிறான், டிரிக்கர் என்று பெயர். பதிவில் யாராவது கை வைத்தால் அவன் விழித்துக்கொண்டு பழைய மதிப்பையும் புது மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். இரண்டும் வேறா என்று கேட்பான். ஆம் என்றால் வரிசையைத் திருப்பிப் போட்டு, டாக்டர் ஹெப்சிபாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்புவான். இல்லை என்றால் மறுபடி தூங்கிவிடுவான்.

ஆனால் காலிக் கட்டம் என்பது பூஜ்யமும் அல்ல, 'இல்லை'யும் அல்ல. 'தெரியாது' என்று அர்த்தம். அடுத்த தெருவுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள், அவர் வயதும் என் வயதும் வேறா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் வயது தெரியாது, அதனால் வேறா என்பதும் தெரியாது. காவல்காரனும் அதையேதான் சொல்கிறான். 'ஆம்' என்ற பதில் வந்தால்தான் அவன் எழுந்திருப்பான். 'தெரியாது' வந்தால் 'இல்லை' வந்த மாதிரியே படுத்துக்கொள்வான்.

ஆக, ஒருவருக்குப் பார்வை கொஞ்சம் குறைந்தால் காவல்காரன் கூவுகிறான். அடியோடு போய்விட்டால் பேச்சியக்கா கட்டத்தைக் காலி செய்கிறார், அவன் வாயே திறப்பதில்லை. கஷ்டம் கூடக் கூட ஆள் கண்ணுக்குப் படாமல் போகிறார். இசக்கியம்மாள் ஐம்பத்தெட்டில் நிற்பது இதனால்தான்.

காலியிடம் வரும் என்றுகூட யோசிக்காமல் இந்த விதியை எழுதிய மகாராசன் யாரோ. கோப்பின் தலையில் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். இன்று பார்க்க நேரமில்லை.

ஜூன் 10, சனி

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கோப்பு பார்க்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

காலை: பொங்கல். (வேறு வழியில்லை, கேண்டீனில் அதுதான் இருந்தது.)

விதியைத் திருத்திவிட்டேன். காலி வந்தால் அந்த இடத்தில் பூஜ்யம் இருப்பதாக வைத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி. எங்கள் அளவில் பூஜ்யம் என்றால் வெளிச்சம்கூடத் தெரியாத கண். ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே என்று நானே சிரித்துக்கொண்டேன். வரிசை புதிதாய் விழுந்தது. இசக்கியம்மாள் மேலே வந்துவிட்டாள். டாக்டர் கைப்பேசிக்குச் செய்திகள் போயின. கொஞ்சம் அதிகமாகத்தான் போயின.

ஜூன் 13, செவ்வாய்

இருநூற்றுப் பதினான்கு செய்திகள்.

பதிந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்களுக்கும் மறு கண் கட்டம் காலியாகத்தானே இருக்கும்? இன்னும் அளந்து பார்க்கவில்லை, அதனால் காலி. நான் எல்லோரையும் ஒரேயடியாகக் குருடாக்கிவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் அருளப்பன், 'அவசரம், உடனே வரவும்' என்று இங்கிருந்து போன அழைப்பைக் கேட்டு, மனைவி, மச்சினன், டிபன் கேரியர் சகிதம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். மனைவி வழியெல்லாம் அழுதிருக்கிறார்.

"ரெண்டு கண்ணும் போச்சுன்னு எவன்யா சொன்னது?" என்று வராந்தாவில் நின்று முழங்கினார். "இந்தக் கண்ணுல ஈ காலு தெரியும்யா எனக்கு! உன் சட்டையில மூணாவது பித்தான் இல்ல, அதைத் தைக்கச் சொல்லு மொதல்ல!"

உண்மைதான், பித்தான் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். டிபன் கேரியரில் புளியோதரை இருந்தது. கட்டாயப்படுத்தினார்கள். மாலை: புளியோதரை.

திருத்தத்தைக் கழற்றிவிட்டேன். இசக்கியம்மாள் மறுபடியும் ஐம்பத்தெட்டு.

ஜூன் 14, புதன்

நிர்வாக அலுவலர் தாணுமூர்த்தி கூட்டம் போட்டார். யார் பொறுப்பு என்று கேட்டார். கட்டங்கள் காலியாக இருந்ததால் வந்த குழப்பம் என்று சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

சாயங்காலம் பேச்சியக்காவுக்கு மெமோ போய்விட்டது. 'கடமையில் அலட்சியம்; மூன்று நாளில் விளக்கம் தரவும்.' இருபது வருடத்தில் முதல் மெமோ.

ஜூன் 15, வியாழன்

காலை: இட்லி இரண்டு. பசியில்லை.

பேச்சியக்கா என் அறைப் பக்கமே வரவில்லை. கேண்டீனில் பார்த்தேன். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டில் மரகதம் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு நாளைத் தவிர எல்லா நாளும் 'மாலை'ன்னு போட்டு சும்மா விட்டிருக்கிய. என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் தின்னலன்னு அர்த்தம்."

"தின்னலன்னா தின்னலன்னு எழுத வேண்டியதுதானே? சட்டைப் பையெல்லாம் எண்ணெய்க் கறையா இருக்கு. நானும் தெரியாதவ மாதிரி இருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

மாலை: உளுந்த வடை இரண்டு. ஐந்தாம் தேதி முதல் தினமும் இரண்டு. புதன்கிழமை மூன்று.

கோப்பின் தலையில் உள்ள பெயர் என்னுடையது. ஒன்பதாம் தேதியே தெரியும். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அதை எழுதி முடித்து, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு கடைக்குப் போய் அல்வா தின்றது வரை நினைவிருக்கிறது.

பத்து மணிக்கு டாக்டர் ஹெப்சிபாவின் அறைக்குப் போனேன். தாணுமூர்த்தியும் இருந்தார். "மெமோ எனக்கு வரணும் சார்" என்றேன். கட்டம் காலியானால் அதையும் மாற்றமென்று பார்த்துக் கூவும்படி எழுதியிருக்க வேண்டியது என் வேலை, மனிதர்கள் காலியாகத்தான் விடுவார்கள், அதை எதிர்பார்க்காதது என் தப்பு என்றேன்.

தாணுமூர்த்தி எழுதிக்கொண்டார். டாக்டர் ஹெப்சிபா ஒன்றைத்தான் கேட்டார். "எத்தனை பேர் கோமதி?"

"தெரியாது டாக்டர். எந்தக் காலி எந்தக் காலின்னு பேச்சியக்காவுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவங்க கால்ல விழுங்க."

விழவில்லை. மெமோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்ற செய்தியை மட்டும் நானே போய்ச் சொன்னேன். நான்தான் காரணம் என்றும் சொன்னேன். பேச்சியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாளா நான் சோறு திங்கல, தெரியுமா?" என்றார். பிறகு, "கேஸ் சீட்டை எடுங்க" என்றார்.

ஜூன் 20, செவ்வாய்

மூன்று நாளாக இருவரும் கேஸ் சீட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறோம். பேச்சியக்கா படிப்பார், நான் குறிப்பேன். 'அளக்கவில்லை' ஒரு கட்டு, 'அது' ஒரு கட்டு. இப்போதும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதில்லை. "இது அது சார்" என்பார். தூசியில் தும்மித் தும்மி, இடையே அவர் வீட்டு முறுக்கைத் தின்று (மாலை: முறுக்கு இரண்டு), வேலை நன்றாகவே போயிற்று. சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

கட்டத்தில் இனி தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்தால் போதும் என்று செய்துகொடுத்தேன். பார்வை அடியோடு போன கண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சியக்காவையே கேட்டேன். யோசித்து, "இருட்டுன்னு வைங்க. ராத்திரியும் இருட்டுதானே, அதுல தோசம் ஒண்ணுமில்ல" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

கணக்கு: இருநூற்றுப் பதினான்கில் 'அது' முப்பத்தொன்று. முப்பது பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

முப்பத்தோராவது ஆள் மைதீன் பிச்சை, கடையநல்லூர், ஐம்பத்தெட்டு வயது, ஜவுளிக் கடையில் இருந்தவர். ஜனவரியில் அவர் மூன்றாவதாக வந்திருக்க வேண்டும். நாற்பத்து நாலில் இருந்தார். பிப்ரவரியில் மூன்று கருவிழிகள் வந்தன. மார்ச்சில் அவர் கண் பொத்துக்கொண்டது. இனி மாற்ற ஒன்றுமில்லை.



ஜூன் 21, புதன்

விதியைச் சரியாக எழுதினேன். காலிக்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. காலியைக் காலியாகவே பார்க்கச் சொன்னேன்: இரண்டு பக்கமும் காலி என்றால் மாற்றமில்லை; ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் நிரம்பியது என்றால் மாற்றம்தான், கூவு. மறு கண்ணுக்கு மட்டுமல்ல, வரிசையிலிருந்து நீக்கிய காரணம் வரை பதிவில் முக்கியமான பதினான்கு கட்டங்களுக்கும் இதே காவல். பேச்சியக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் நிரப்பியும் அழித்தும் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் டாக்டரின் கைப்பேசி அடித்தது. பதினெட்டாவது தடவை அவரே எழுந்து வந்து, "போதும், நம்பிட்டேன்" என்றார்.

இசக்கியம்மாள்: இரண்டு.

ஜூன் 26, திங்கள்

காலையில் தூத்துக்குடியிலிருந்து கண்கள் வந்தன. இரண்டு கருவிழிகளும் நன்றாக இருந்தன. பேச்சியக்காதான் முக்கூடலுக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது.

ஜூலை 5, புதன்

காலை: கேழ்வரகுத் தோசை. மாலை: ஒன்றும் தின்னவில்லை.

இசக்கியம்மாள் பரிசோதனைக்கு வந்தாள். டாக்டர் விரல்களைக் காட்ட, "மூணு. நடு விரல்ல மோதிரம் போட்டிருக்கிய" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தோம்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். வரிசையைக் கம்ப்யூட்டர் போடவில்லை, நான் எழுதிய விதி போட்டது, அதில் தப்பு, அதனால்தான் ஐந்து மாதம் ஐம்பத்தெட்டிலும் அறுபத்தொன்றிலும் நின்றாய் என்றேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள்.

சன்னல் ஓரம் போய் நின்றேன். ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த ஆறு மாசமா எனக்குக் கெடுதல் செஞ்சவங்க எல்லாம் வெறும் சத்தமாத்தான் வந்தாங்க. காலை மிதிச்சிட்டுப் போனவன், கையைப் பிடிச்சு இழுத்தவன், ஒருத்தன் மூஞ்சியும் தெரியாது. ராத்திரி படுத்தா யாரை ஏசணும்னே தெரியாது. உங்க மூஞ்சி ஒண்ணாவது தெரியுதுல்லா."

"ஏசணும்னா ஏசும்மா."

"ஏசத்தான் செய்வேன். இப்ப சந்தோசமா இருக்கேன், வரமாட்டேங்குது. அடுத்த மாசம் வரும்போது ஏசுதேன்."

மைனியின் கையைப் பிடிக்காமல் படி இறங்கிப் போனாள்.

ஜூலை 8, சனி

மைதீன் பிச்சைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நன்றாகவே எழுதியிருந்தேன். தபாலில் சேர்க்கச் சொல்லி மரகதத்திடம் கொடுத்தேன்.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை யாரு அவருக்குப் படிச்சுச் சொல்லுவா?" என்றாள்.

நாளை காலை ஏழு மணி பஸ்.

ஜூலை 9, ஞாயிறு

கடையநல்லூர் போய் வந்தேன். மைதீன் பிச்சை நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

"எனக்கு எப்ப வந்திருக்கணும்?"

"பிப்ரவரியில."

"பிப்ரவரி" என்று அவரும் சொன்னார். பிறகு, "மத்தவங்களுக்கு?" என்று கேட்டார்.

"சரி பண்ணிட்டோம். முப்பது பேரும் இப்ப அவங்கவங்க இடத்துக்கு வந்துட்டாங்க."

"ஆஸ்பத்திரியில நான் கேட்டேன் தம்பி, ஏன் எனக்குக் கண்ணு வரலன்னு. விதின்னு சொன்னாங்க. வீட்டுலயும் அதையேதான் சொன்னோம்." கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். மன்னிப்பதாக ஒன்றும் அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "என் சீட்டுல காரணம்னு ஒரு இடம் இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கு?"

எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "ஒண்ணும் எழுதல."

"எழுதிருங்க" என்றார்.

ஜூலை 10, திங்கள்

காலை: இட்லி இரண்டு.

எட்டு மணிக்கே போய்விட்டேன். மைதீன் பிச்சையின் பதிவைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் தட்டினேன்: 'வரிசை விதியில் பிழை. உரிய காலத்தில் அழைக்கப்படவில்லை. விதியை எழுதியவர் கோமதிநாயகம்.'

சேமித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், டாக்டர் ஹெப்சிபாவின் அறையில், கைப்பேசி அடித்தது.